உப்புநீர் மின்பகுப்புக் கலத்தின் வினைத்திறனை அதிகரித்தல்

மாணவர்களே, செறிந்த உப்புக் கரைசலை மின்பகுப்புச் செய்தால் கிடைக்கும் விளைவுகளைக் கேட்டால் உங்களில் அனேகமானோர் தயக்கமின்றி விடை எழுதுவீர்கள். அனோட்டில் குளோரீன் வாயு, கதோட்டில் ஐதரசன் வாயு, எஞ்சும் கரைசலில் சோடியம் ஐதரொட்சைட்டு. இது சரியான விடை. ஆனால் இதே தாக்கத்தை ஒரு தொழிற்சாலையில் நாளொன்றுக்கு நூறு தொன் அளவில் நடத்துபவருக்கு இவ்விடை போதாது. அவர் கேட்கும் கேள்வி வேறு: நான் செலுத்தும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் விளைபொருளாக மாறுகிறது? மீதி எங்கே போகிறது?

குடிநீரைத் தொற்றுநீக்கும் குளோரீனும், சவர்க்காரம் செய்யும் எரிசோடாவும் இந்தத் தாக்கத்திலிருந்தே கிடைக்கின்றன. இலங்கையிலும் இத்தொழில் நடைபெற்றது. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவையும் குளோரீனையும் உற்பத்தி செய்தது. போர் காரணமாக அங்கு உற்பத்தி நின்றது. இத்தொழிலின் மூலப்பொருள்கள் உப்பு, நீர், மின்சாரம் ஆகிய மூன்றே. முதலிரண்டும் மலிவானவை. எனவே மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறோம் என்பதே இத்தொழில் நிலைப்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

முகவையில் தொடங்குவோம்

பழைய மின்சூள் கலங்களிலிருந்து எடுத்த இரு காபன் கோல்களை உப்புக் கரைசலில் அமிழ்த்தி, 6 வோல்ற்று மின்கலவடுக்குடன் இணைத்த பரிசோதனையை நினைவிற் கொள்ளுங்கள். (குளோரீன் நச்சுவாயு. எனவே காற்றோட்டமான இடத்தில், சில நிமிடங்கள் மாத்திரமே செய்தல் வேண்டும்.) இரு கோல்களிலும் குமிழிகள் எழும். பினோத்தலீன் இட்டிருந்தால் கதோட்டைச் சூழ இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். சிறிது நேரத்தின் பின் கரைசலைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்கும். குளோரீன் இட்ட கிணற்று நீரின் மணமும் வரும்.

இந்தச் சூடும் இந்த மணமும் இரண்டு இழப்புகளைக் காட்டுகின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்தி விளங்கிக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

முதலில் மணத்தைப் பார்ப்போம். அனோட்டில் தோன்றிய குளோரீனில் ஒரு பகுதி வெளியேறாமல் கரைசலிற் கரைகின்றது. அது கதோட்டில் உருவான ஐதரொட்சைட்டு அயன்களைச் சந்தித்தால் அவற்றுடன் தாக்கமுற்று ஐப்போகுளோரைற்றாக மாறும். வெளிற்றும் திரவத்தில் இருப்பது இப்பொருளே. அதாவது, மின்சாரம் செலவழித்து ஆக்கிய இரு விளைபொருள்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இலத்திரன்கள் தமது வேலையைச் செய்துவிட்டன, ஆனால் பலன் எமக்குக் கிடைக்கவில்லை. இதனை மின்னோட்ட வினைத்திறன் குறைதல் என்பர்.

இனிச் சூடு. இத்தாக்கத்தை நடத்துவதற்கு கொள்கையளவில் ஏறத்தாழ 2.2 வோல்ற்று போதும். நாம் கொடுத்ததோ 6 வோல்ற்று. ஒவ்வொரு கூலோம் ஏற்றமும் 6 யூல் சக்தியைக் கொண்டுவருகின்றது, அதில் 2.2 யூல் மாத்திரமே இரசாயனச் சக்தியாகச் சேமிக்கப்படுகின்றது. எஞ்சிய 3.8 யூலும் வெப்பமாகின்றது. இது வோல்ற்றளவு வினைத்திறன் குறைதல். எமது முகவையில் அது 2.2 ÷ 6, அதாவது ஏறக்குறைய 37 சதவீதம்.

முதலாவது இழப்பில் இலத்திரன்கள் வீணாகின்றன. இரண்டாவதில் இலத்திரன்கள் வீணாவதில்லை, ஒவ்வோர் இலத்திரனையும் தள்ளுவதற்கு வேண்டியதிலும் கூடுதலான சக்தியைச் செலவிடுகிறோம். மொத்த வினைத்திறன் இவ்விரண்டினதும் பெருக்கமாகும்.

ஒரு தொன் குளோரீனுக்கு எத்தனை அலகு?

கணிப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். மூல் பற்றிய அறிவும், ஏற்றம் = மின்னோட்டம் × நேரம் என்ற தொடர்பும், சக்தி = ஏற்றம் × வோல்ற்றளவு என்ற தொடர்பும் போதும். ஒரு மூல் இலத்திரன்களின் ஏற்றம் ஏறத்தாழ 96 500 கூலோம் என்பதை மாத்திரம் புதிதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு குளோரீன் மூலக்கூறு உருவாக இரண்டு குளோரைட்டு அயன்கள் இரண்டு இலத்திரன்களை இழக்க வேண்டும். ஆகவே 71 கிராம் குளோரீனுக்கு 2 × 96 500 = 193 000 கூலோம் தேவை. ஒரு தொன்னில், அதாவது 1 000 000 கிராமில், ஏறத்தாழ 14 085 மூல் குளோரீன் உண்டு. எனவே தேவையான ஏற்றம் ஏறத்தாழ 2 718 மில்லியன் கூலோம். இவ்வேற்றத்தை ஒரு வோல்ற்றில் செலுத்தினால் 2 718 மில்லியன் யூல் செலவாகும். வீட்டு மின்பட்டியலில் வரும் ஓர் அலகு 3.6 மில்லியன் யூல். வகுத்தால் 755 அலகு.

ஆக, ஒரு தொன் குளோரீனுக்கான மின் அலகுகள் = 755 × கலத்தின் வோல்ற்றளவு ÷ மின்னோட்ட வினைத்திறன்.

இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கலத்தையும் மதிப்பிடலாம். தற்காலத்து நல்ல கலம் ஒன்று 3.0 வோல்ற்றில், 96 சதவீத மின்னோட்ட வினைத்திறனுடன் இயங்குவதாகக் கொள்வோம். செலவு 755 × 3.0 ÷ 0.96, அதாவது ஏறத்தாழ 2 360 அலகு. பழைய இரசக் கலம் ஒன்று 4.2 வோல்ற்றில் 97 சதவீத மின்னோட்ட வினைத்திறனுடன் இயங்கினால் 3 270 அலகு. இரசக் கலத்தின் மின்னோட்ட வினைத்திறன் சற்றுக் கூடுதலாக இருந்தும் அது தோற்றுவிடுகிறது. கவனியுங்கள்: புதிய கலத்தில் 0.1 வோல்ற்றைக் குறைத்தால் ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 79 அலகு மிஞ்சும். நாளொன்றுக்கு நூறு தொன் செய்யும் ஆலையில் அது 7 900 அலகு. மாதம் நூறு அலகு பாவிக்கும் 79 வீடுகளின் ஒரு மாதச் செலவு ஒரே நாளில் மிஞ்சுகின்றது. பொறியியலாளர்கள் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்குக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்ததன் காரணம் இதுதான்.

விளைபொருள்களைப் பிரித்து வைத்தல்

முதலாவது இழப்பைத் தடுக்க வேண்டுமாயின் குளோரீனையும் ஐதரொட்சைட்டையும் சந்திக்க விடக்கூடாது. இதற்கு மூன்று வழிகள் தோன்றின.

1892 இல் அமெரிக்கரான கஸ்னரும் ஒஸ்திரியரான கெல்னரும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தனர். கதோட்டாக இரசத்தைப் பயன்படுத்தினால் அங்கு ஐதரசன் வெளியேறாது, சோடியம் உலோகம் உருவாகி இரசத்திற் கரைந்துவிடும். அந்த இரசக்கலவையை வேறொரு கலனுக்குக் கொண்டுசென்று நீருடன் தாக்கமுறச் செய்தால் தூய, செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டுக் கிடைக்கும். குளோரீன் ஓரிடம், காரம் வேறோரிடம். அருமையான பிரிப்பு. ஆனால் ஐதரசன் அயனைத் தாழ்த்துவதிலும் சோடியம் அயனைத் தாழ்த்துவது கடினம் என்பது தாக்கவீதத் தொடரில் நீங்கள் கற்றதே. ஆகவே இக்கலத்துக்குக் கொள்கையளவிலேயே 3.1 வோல்ற்று வரை தேவைப்படும். முதலாவது இழப்பை அடைத்து இரண்டாவதைப் பெரிதாக்கிய கலம் இது எனலாம். இரசம் சூழலுக்குக் கசிந்தமை அதனிலும் பெரிய குற்றம்.

யப்பானின் மினமாட்டாவில் மீன் உண்ட மக்களை இரச நஞ்சு தாக்கியமை பலர் அறிந்ததே. அந்த நஞ்சு வந்தது உப்புநீர்க் கலத்திலிருந்து அன்று, அசற்றல்டிகைட்டு உற்பத்தி செய்த ஓர் ஆலையிலிருந்து. விடைத்தாள்களில் இது அடிக்கடி மாறி எழுதப்படுகிறது. எனினும் அந்த அனர்த்தத்தின் பின் யப்பான் இரசக் கலங்களையும் கைவிட முடிவெடுத்தது. 2013 இல் ஏற்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா சமவாயம் இக்கலங்களை நிறுத்துவதற்கு 2025 ஆம் ஆண்டைக் காலவரையறையாக விதித்தது.

இரண்டாவது வழி, இரு மின்வாய்களுக்கும் நடுவே கல்நாரினாலான நுண்துளைத் தடுப்பு ஒன்றை வைத்தல். உப்புநீர் அனோட்டுப் பக்கத்திலிருந்து கதோட்டுப் பக்கத்துக்கு மெதுவாக ஊடுருவிப் பாய்வதால் ஐதரொட்சைட்டு அயன்கள் எதிர்த்திசையில் வருவது குறைகின்றது. இங்கு வோல்ற்றளவு குறைவு. ஆனால் கிடைக்கும் காரம் ஏறத்தாழ 12 சதவீதம் மாத்திரமே, உப்பும் அதில் கலந்திருக்கும். விற்பனைக்குரிய 50 சதவீதமாக்க நீரை ஆவியாக்க வேண்டும். மின்சாரத்தில் மிஞ்சியதை நீராவியில் இழக்கிறோம்! ஒரு கலத்தின் வினைத்திறனைக் கூறும்போது கலத்தோடு மட்டும் நிற்காமல் இறுதி விளைபொருள் வரை கணக்கிட வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்றாவது வழியே இன்று முன்னணியில் உள்ளது. 1975 இல் யப்பானின் நொபெயோக்காவில் வணிக அளவில் இயங்கத் தொடங்கிய மென்சவ்வுக் கலம் அது. இம்மென்சவ்வு புளோரீன் அடங்கிய ஒரு பல்பகுதியம். அதன் உட்புறம் நிலையான மறை ஏற்றமுள்ள கூட்டங்கள் பொருந்தியுள்ளன. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? எனவே மறை ஏற்றமுள்ள குளோரைட்டு அயனும் ஐதரொட்சைட்டு அயனும் பெருமளவில் தடுக்கப்பட, நேர் ஏற்றமுள்ள சோடியம் அயன் கடந்து செல்கின்றது. கதோட்டுப் பக்கத்தில் உப்புக் கலப்பற்ற 32 சதவீதமளவான காரம் நேரடியாகக் கிடைக்கும். தடுப்பு முழுமையானதன்று. நூற்றுக்கு நாலைந்து பங்கு ஐதரொட்சைட்டு அயன்கள் எப்படியோ நழுவி அனோட்டுப் பக்கம் வந்துவிடுகின்றன. மேற்குறித்த 96 சதவீதம் இவ்வாறு வந்ததே.

வோல்ற்றளவை ஒவ்வொரு துண்டாகக் குறைத்தல்

3.0 வோல்ற்றில் 2.2 தாக்கத்துக்கு உரியது, அதில் கைவைக்க முடியாது. மீதி 0.8 வோல்ற்று எங்கே போகிறது? மின்வாய்களின் மேற்பரப்பில் தாக்கம் விரைவாக நிகழ்வதற்கு வேண்டிய மேலதிக வோல்ற்றளவு ஒரு பகுதி. கரைசலின் தடை, மென்சவ்வின் தடை, இணைப்புக் கடத்திகளின் தடை ஆகியன மற்றப் பகுதி.

அனோட்டின் கதையை மட்டும் சற்று விரிவாகக் கூறுகிறேன். நீண்ட காலம் அனோட்டுகள் காரீயத்தால் செய்யப்பட்டன. எமது போகலைச் சுரங்கத்தில் எடுக்கப்படும் அதே கனியம். காரீயம் மின்னைக் கடத்தும், குளோரீனால் எளிதில் அரிக்கப்படாது. குறை என்னவெனில், அனோட்டில் குளோரீனுடன் சிறிதளவு ஒட்சிசனும் தோன்றுகின்றது. அது காரீயத்தைக் காபனீரொட்சைட்டாக்கி மெல்ல மெல்லத் தின்றுவிடும். அனோட்டுத் தேயத் தேய இரு மின்வாய்களுக்கும் இடையிலான தூரம் கூடும், தூரம் கூடினால் தடை கூடும், தடை கூடினால் வோல்ற்றளவு கூடும். தொழிலாளர்கள் அடிக்கடி தூரத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

1960களில் ஹென்றி பியர் என்பவர் தைத்தானிய உலோகத்தின்மீது ருதேனியம் ஒட்சைட்டுப் பூச்சிட்ட அனோட்டை உருவாக்கினார். தைத்தானியத்தை மட்டும் அனோட்டாக வைத்தால் அதன்மேல் கடத்தாத ஒட்சைட்டுப் படலம் தோன்றி மின்னோட்டம் நின்றுவிடும். ருதேனியம் ஒட்சைட்டோ மின்னைக் கடத்துவதுடன் குளோரீன் உருவாகும் தாக்கத்துக்கு ஊக்கியாகவும் தொழிற்படுகின்றது. பூச்சில் எங்காவது சிறு கீறல் விழுந்தால் அவ்விடத்தில் தைத்தானியம் தன்னைத் தானே படலமிட்டு மூடிக்கொள்ளும். இந்த அனோட்டுத் தேயாது, வடிவம் மாறாது. ஆகவே முதன்முறையாக மின்வாய்களை மிக அண்மையாக, நிலையாக வைக்க முடிந்தது. இத்தொழிலில் நிகழ்ந்த முன்னேற்றங்களுள் மென்சவ்வுக்கு அடுத்ததாக நான் வைப்பது இதனையே. கதோட்டிலும் இவ்வாறே, நிக்கலின்மீது ஊக்கிப் பூச்சிட்டு ஐதரசன் தோன்றுவதற்கான மேலதிக வோல்ற்றளவைக் குறைத்தனர்.

அண்மையாக வைத்ததும் வேறொரு தொல்லை தோன்றியது. குமிழிகள்! வாயுக் குமிழி மின்னைக் கடத்தாது. மின்வாய்களுக்கு இடையே குமிழிகள் நிறைந்தால் மின்னோட்டம் அவற்றைச் சுற்றிச் செல்ல வேண்டும், தடை உயரும். தீர்வு எளிமையானது. மின்வாயைத் தட்டையான தகடாகச் செய்யாமல் வலையாகச் செய்தனர். வாயு வலையின் துளைகளினூடாகப் பின்புறம் சென்று மேலெழுகின்றது. பின்னர் வந்த கலங்களில் இரு வலைகளும் மென்சவ்வோடு ஒட்டியவாறே அமைக்கப்பட்டன. நடுவில் கரைசலுக்கான இடைவெளி ஏறத்தாழ இல்லையென்றே கூறலாம்.

வெப்பநிலையும் முக்கியம். இக்கலங்கள் 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரையில் இயக்கப்படுகின்றன. உலோகக் கம்பியைச் சூடாக்கினால் தடை கூடும் எனக் கற்ற மாணவர் இங்கும் அவ்வாறே எழுதிப் புள்ளியை இழப்பதுண்டு. கரைசலில் மின்னைக் காவுபவை அயன்கள். வெப்பநிலை உயரும்போது அவை விரைவாக அசையும், தடை குறையும்.

உப்பு எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும்?

கடல்நீரிலிருந்து பெறும் உப்பில் கல்சியம், மகனீசியம் அயன்களும் உண்டு. அவை மென்சவ்வுக்குள் புகுந்து, மறுபுறத்திலிருந்து வரும் ஐதரொட்சைட்டு அயன்களுடன் சேர்ந்து கரையாத வீழ்படிவாகி அங்கேயே தங்கிவிடும். மென்சவ்வின் வழிகள் அடைபடும். வோல்ற்றளவு கூடும், மின்னோட்ட வினைத்திறனும் குறையும். இரண்டு இழப்புகளும் ஒருங்கே பெரிதாகும் இடம் இதுவே.

எனவே உப்புநீருக்கு முதலில் சோடியம் காபனேற்றும் சோடியம் ஐதரொட்சைட்டும் இடுவர். கல்சியம் காபனேற்றாகவும் மகனீசியம் ஐதரொட்சைட்டாகவும் வீழ்படிந்ததும் வடிப்பர். பழைய கலங்களுக்கு அது போதும். மென்சவ்வுக் கலத்துக்கோ அதன்பின் அயன் பரிமாற்றப் பிசினினூடாகவும் செலுத்தி, ஆயிரம் மில்லியன் பங்கு உப்புநீரில் இவ்வயன்கள் ஏறத்தாழ 20 பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வர். எமது குடிநீரிற்கூட இதைவிடப் பன்மடங்கு கல்சியம் உண்டு.

மின்னோட்டத்தைக் கூட்டினால் வினைத்திறன் கூடுமா?

"கூடும்" என்று எழுதுபவரே அதிகம். மின்னோட்டத்தைக் கூட்டினால் கூடுவது உற்பத்தி வீதம். மின்னோட்டம் இரு மடங்கானால் தடையால் ஏற்படும் வோல்ற்றளவு இழப்பும் இரு மடங்காகும். ஒரு கலத்தின் வோல்ற்றளவு, மின்வாயின் சதுர மீற்றருக்கு 3 000 அம்பியரில் 2.7 எனவும் 6 000 அம்பியரில் 3.0 எனவும் கொள்வோம். மின்னோட்ட வினைத்திறன் இரண்டிலும் 96 சதவீதமாயின் ஒரு தொன் குளோரீனுக்கு முறையே ஏறத்தாழ 2 120 அலகும் 2 360 அலகும் செலவாகும். மெதுவாக இயக்கினால் தொன்னுக்கு 240 அலகு மிஞ்சும், ஆனால் அதே உற்பத்திக்கு இரு மடங்கு கலங்கள் வாங்க வேண்டும். மின்சாரம் விலைகூடிய நாட்டில் கலங்களைக் கூட்டுவதே இலாபம். மலிவான நாட்டில் மறுதலை. இதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

பயிற்சி வினா

புதியவகைக் கலம் ஒன்றில் கதோட்டுக்கு ஒட்சிசன் வாயு செலுத்தப்படுகின்றது. அங்கு ஐதரசன் தோன்றுவதற்குப் பதிலாக ஒட்சிசனும் நீரும் இலத்திரன்களைப் பெற்று ஐதரொட்சைட்டு அயன்களாகின்றன. இக்கலம் 2.0 வோல்ற்றில் 96 சதவீத மின்னோட்ட வினைத்திறனுடன் இயங்குகின்றதெனக் கொள்க.

அ. ஒரு தொன் குளோரீனுக்குச் செலவாகும் மின் அலகுகளைக் காண்க.
ஆ. 3.0 வோல்ற்றுக் கலத்துடன் ஒப்பிடும்போது மிஞ்சும் சதவீதம் யாது?
இ. எல்லா ஆலைகளும் உடனடியாக இதற்கு மாறாமைக்கு ஒரு காரணம் தருக.

விடை: (அ) 755 × 2.0 ÷ 0.96, அதாவது ஏறத்தாழ 1 570 அலகு. (ஆ) 2 360 இலிருந்து 1 570 ஆகக் குறைவதால் ஏறத்தாழ 33 சதவீதம். ஜேர்மனியின் ஊர்டிங்கனில் 2011 இல் இத்தகைய கலங்களைக் கொண்ட ஆலை ஒன்று இயக்கப்பட்டது. நடைமுறையில் இச்சேமிப்பு 30 சதவீதம் வரை எனக் கூறப்படுகின்றது. (இ) இக்கலத்தில் ஐதரசன் கிடைக்காது. ஐதரசனை எரிபொருளாகவோ, ஐதரோகுளோரிக் அமிலம் செய்யவோ பயன்படுத்தும் ஆலைக்கு அது இழப்பாகும். அத்துடன் தூய ஒட்சிசனையும் புதிதாகப் பெறவேண்டியிருக்கும். "செலவு கூட" என்று மாத்திரம் எழுதினால் புள்ளி கிடைப்பது கடினம், எது செலவு என்பதைக் குறிப்பிடுங்கள்.